மயிலுக்குப் போர்த்திய போர்வை

1986ஆம் ஆண்டு ஜூலை மாதம், வனமகோத்சவ வாரம். கொடைக்கானலில் நான் அறிவியல் டீச்சராக இருந்த பள்ளியிலிருந்து 42 பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு பூம்பாறைக்கு அப்பால் ஒரு புல்சரிவுக்குப் போனேன். எங்களுக்கு முன்பே லாரியில் நாற்று வந்து இறங்கியிருந்தது. கறுப்பு பாலிதீன் பையில், சாண் உயரத்தில், இறகு இறகாக இலை விட்ட வாட்டில் மர நாற்றுகள். ஆளுக்கு ஐந்து என்று பிரித்துக் கொடுத்தோம். பெரிய பையன்கள் கையில் மண்வெட்டியும் கடப்பாறையும். புல்தூரைக் கொத்தி எடுத்துவிட்டுத்தான் குழி போட வேண்டும்.

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கொத்தாமல் நின்றான். பிடுங்கிய புல்தூர் ஒன்று அவன் கையில் இருந்தது. அதன் வேர் கறுப்பு மண்ணைக் கவ்விக்கொண்டு, பிழிந்த துணி மாதிரி சொட்டிக்கொண்டிருந்தது. "டீச்சர், இங்க ஏற்கெனவே இவ்வளவு முளைச்சிருக்கே. இதப் பிடுங்கிட்டா அத நடணும்?" என்று கேட்டான்.

"அது வெறும் புல்லுடா. நடு" என்றேன்.

அன்றைக்கு 210 நாற்று நட்டோம். பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தோம். ஒரு நல்ல காரியம் செய்த நிறைவோடு வீடு திரும்பினேன். எனக்கு இப்போது 71 வயது. என் வாழ்க்கையில் வேண்டுமென்று யாருக்கும் கெடுதல் செய்ததாக நினைவில்லை. ஆனால் நல்லது என்று நம்பிச் செய்து, பிறகு கெடுதல் என்று தெரிந்துகொண்ட காரியங்களில் முதலாவதாக அந்த ஜூலை நாள்தான் நிற்கிறது. ஓய்வு பெற்ற பிறகு இந்த மலையின் பழைய கதையைத் தேடித் தேடிப் படித்ததற்கு அந்தப் பையனின் கேள்விதான் காரணம். பதில் சொல்லாமல் அடக்கிவிட்ட கேள்வி ஆசிரியரை விடுவதில்லை.

முதலில் அந்தச் சரிவில் என்ன இருந்தது என்று சொல்கிறேன். பழனி மலைத்தொடரின் மேல்மட்டம், ஏறக்குறைய இரண்டாயிரம் மீட்டருக்கு மேல், இரண்டு விதமான நிலம் மாறி மாறி வரும் இடம். மலை மடிப்புகளில், நீரோடும் பள்ளங்களில், குட்டையும் நெருக்கமுமாய் நிற்கிற சோலைக் காடு. மேடுகளிலும் சரிவுகளிலும் புல்வெளி. தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைக் கம்பளத்தில் கருநிறக் கோடு இழுத்தது போலிருக்கும். கிட்டப் போய் மண்டியிட்டுப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். புல் இங்கே தூர் தூராக நிற்கும். இரண்டு தூருக்கு நடுவே விரலை விட்டால் மண் குளிர்ந்திருக்கும், கோடையிலும் ஈரம் இருக்கும். குளிரில் இலைதழை சீக்கிரம் மட்காது. அதனால் ஆயிரக்கணக்கான ஆண்டுச் சருகும் வேரும் சேர்ந்து கறுத்து, பஞ்சு போல் ஆன மண் அது. மழையையும் மஞ்சுமூட்டத்தையும் உறிஞ்சி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கசியவிடும். பள்ளத்தில் கால் வைத்தால் புதையும் சதுப்பு. அங்கே இலை நுனியில் பசைத்துளி மின்ன, கொசுவைப் பிடித்துத் தின்கிற சின்னஞ்சிறு செடி. மழைக்குப் பிறகு தரையிலேயே பூக்கிற ஆர்க்கிட். சரிவுகளில் குறிஞ்சிப் புதர். புல்லுக்குள் கூடு கட்டி, புல்லைத் தவிர வேறு வீடறியாத நெட்டைக்காலிக் குருவி. பாறை விளிம்பில் வரையாடு.

இந்தப் பஞ்சிலிருந்துதான் வடக்கே பழனிப் பக்கம் பாலாறு, பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு இறங்குகின்றன. தெற்கே பெரியகுளத்துக்கு வராகநதி, தேவதானப்பட்டிக்கு மஞ்சளாறு. சமவெளியில் நெல் நடுகிறவர் யாரும் இந்தப் புல்லைப் பார்த்திருக்க மாட்டார். அவர் வாய்க்காலுக்கு வருகிற தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொடுப்பது இந்தப் புல்தான்.

இதைத்தான் நான் 'வெறும்' என்று சொன்னேன். அந்தச் சொல் என் வாயில் திடீரென்று வந்ததில்லை. அதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

இந்த மலையில் பளியர்கள் தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்தார்கள். புலையரும் குன்னுவரும் இருந்தார்கள். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, வெள்ளகெவி என்று ஊர்கள் இருந்தன. ஊரைச் சுற்றிப் படிப்படியாக வயல். அதற்கு மேலே மாடு மேய்கிற புல். கூரைக்கும் அந்தப் புல்தான். அவர்களுக்கு அது தரிசும் ஆகவில்லை, காடும் ஆகவில்லை. மேய்ச்சல் என்று பெயர் சொல்லிப் புழங்கிய இடம்.

1821இல் லெப்டினன்ட் வார்டு என்ற ஆங்கில அதிகாரி இந்த மலையை அளந்து வரைபடம் போட்டார். 1845இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த பாதிரியார்கள், சமவெளியின் வெயிலும் நோயும் தங்கள் குடும்பங்களை வாரிக்கொண்டு போவதைத் தாங்காமல் மேலே ஏறி வந்து முதல் வீடுகளைக் கட்டினார்கள். 1863இல் மதுரைக் கலெக்டர் வேர் ஹென்றி லெவிஞ்ச் ஒரு சதுப்புப் பள்ளத்தின் குறுக்கே கரை போட்டு ஏரியாக்கினார். இன்று படகு விடுகிற ஏரி அதுதான். வீடு கூடியது. குளிருக்குக் கணப்பும் கூடியது. கணப்புக்கு விறகு வேண்டும், சோலை மரம் மெதுவாக வளரும். வெட்டிக்கொண்டே போனால் சோலை தீர்ந்துவிடும் என்று அவர்களில் சிலருக்கே கவலை வந்தது. சீக்கிரம் வளர்கிற மரத்தை வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டால் சோலை பிழைக்கும் என்று நினைத்தார்கள். நீலகிரியில் 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே ஆஸ்திரேலிய வாட்டிலும் யூக்கலிப்டஸும் கால்வைத்திருந்தன. அதே வழியில் இந்த மலைக்கும் வந்தன.

இதைக் கவனிக்க வேண்டும். முதல் நாற்று ஒரு நல்ல எண்ணத்தோடுதான் நடப்பட்டது. சோலையைக் காப்பாற்றத்தான் நட்டார்கள். ஆனால் சோலையைக் காப்பாற்ற எந்த இடத்தைக் கொடுத்தார்கள் என்றால், புல்வெளியை. வருவாய்க் கணக்கு எழுதியவர்களுக்கு வரி தராத நிலம் எல்லாம் தரிசு. காடு படித்தவர்களில் பலருக்கு மரமில்லாத மலை என்றால் ஒரு காலத்தில் காடாக இருந்து, ஆடுமாடும் தீயும் அழித்த மலை. இரண்டு பேர் கண்ணுக்கும் புல் ஒரு குறையாகத்தான் தெரிந்தது. குறையை நிரப்புவதுதானே தர்மம்!

அப்படியில்லை என்று சொன்னவரும் இருந்தார். சி. ஆர். ரங்கநாதன் என்ற வன அதிகாரி நீலகிரியின் சோலைகளையும் புல்வெளியையும் ஆராய்ந்து 1938இல் எழுதினார். புல்வெளி அழிந்த காடு இல்லை, அது தன்னளவில் நிலைபெற்ற ஒரு நிலம், உறைபனி சோலைக் கன்றைத் திறந்த வெளியில் பிழைக்க விடுவதில்லை என்பது அவர் சொன்னதன் சாரம். அதே ஆண்டில் அதை மறுத்து எழுதினவர்களும் உண்டு. வாதம் நடந்துகொண்டிருந்தபோதே மண்வெட்டி முந்திக்கொண்டது. நான் நாற்று நட்டதற்கு 48 ஆண்டு முன்பே அச்சில் வந்த செய்தி இது. எனக்குத் தெரியாது என்று சொல்லலாம். தெரிந்துகொள்ள முயன்றேனா என்று கேட்டால் பதில் இல்லை.

விடுதலைக்குப் பிறகு, ஐந்தாண்டுத் திட்டங்களின் காலத்தில், இந்த நடவு வேறு வேகம் எடுத்தது. காரணம் தோல். தோலைப் பதப்படுத்தப் பட்டை வேண்டும். நம் ஊரில் அதற்குக் காலங்காலமாக ஆவாரம்பட்டை. தொழில் பெருகியபோது அது போதவில்லை. கறுப்பு வாட்டில் மரத்தின் பட்டையில் துவர்ப்புச்சத்து அதிகம். அதற்காக ஆப்பிரிக்காவிலிருந்து இறக்குமதி செய்துகொண்டிருந்தோம். அந்நியச் செலாவணிக்கு நாடு தவித்த காலம் அது. வாட்டிலை நம் மலையிலேயே வளர்த்தால் என்ன என்ற யோசனையில் தப்பு சொல்ல முடியாது. பட்டை தோலுக்கு, மரம் கூழுக்கு, கிளை அடுப்புக்கு. கூடவே காகிதத்துக்கும் செயற்கை இழைக்கும் யூக்கலிப்டஸ். பிறகு பைன். மலை கிலோமீட்டர் கிலோமீட்டராகப் போர்த்தப்பட்டது.

அந்த மரத்தை வெட்டவும் பட்டை உரிக்கவும் ஆள் வேண்டியிருந்தது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று இரண்டு அரசுகள் தலையை எண்ணிப் பிரித்துக்கொண்டன. அப்படி வந்த குடும்பங்களில் சில இந்த மலைக்கு வந்தன. தேயிலை கிள்ளப் பழகிய கைகள் இங்கே வாட்டில் பட்டை உரித்தன. முன்பணம் வாங்கி, அந்தக் கடனிலேயே வருடக்கணக்கில் கட்டுண்டு கிடந்த வீடுகளை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் சொன்ன எட்டாம் வகுப்புப் பையன் அப்படி ஒரு வீட்டுப் பிள்ளை. அவன் அப்பா வெட்டுகிற மரத்தைத்தான் அவன் அன்று நட்டான். வேரோடு பிடுங்கி வேறு இடத்தில் நடுவது என்றால் என்ன என்று அந்த வகுப்பில் யாருக்காவது தெரியும் என்றால் அவனுக்குத்தான் தெரியும். அவன் கேள்வியில் இருந்த கனம் எனக்கு அன்று புரியவில்லை.

வாட்டிலுக்கு ஒரு குணம் உண்டு. நட்ட இடத்தில் நிற்காது. ஒவ்வொரு ஆண்டும் கணக்கில்லாமல் விதை உதிர்க்கும். விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும். தீ பிடித்தால் மற்றது கருகும், இந்த விதை அந்தச் சூட்டில் தோல் வெடித்து முளைக்கும். அதனால் 1988இன் தேசிய வனக் கொள்கை காட்டை ஆலைக்கான கொள்முதல் இடமாகப் பார்க்கக் கூடாது என்று சொன்ன பிறகும், புல்வெளியில் நடுவது நின்ற பிறகும், மரம் தானாகவே நடந்து போய்ப் புல்லுக்குள் புகுந்தது. நாங்கள் நட்ட 210 இன்று எத்தனை ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மற்றவர்கள் எண்ணினார்கள். ஊட்டிப் பக்கத்துச் சதுப்புகளின் கரிமண்ணை ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்து 1993இல் வெளியிட்டார்கள். அந்த மலையுச்சிப் புல் சுமார் 20,000 ஆண்டுக்கு முன்பே அங்கே இருந்ததற்கு மண்ணுக்குள்ளேயே சாட்சி இருந்தது. ஆடுமாடு மேய்த்து உண்டானது அது என்ற வாதம் அதோடு ஆட்டம் கண்டது. நீலகிரி கிளென்மார்கனில் பக்கத்துப் பக்கத்து இரண்டு நீர்ப்பிடிப்புகளில் ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றதில் யூக்கலிப்டஸ் நட்டு, உதகையிலுள்ள மத்திய மண்வள நீர்வள ஆராய்ச்சி மையத்தினர் வருடக்கணக்கில் ஓடைநீரை அளந்தார்கள். மரம் நட்ட பக்கம் முதல் பத்தாண்டில் வரத்து 16 விழுக்காடு குறைந்தது. மரம் நட்டால் மழை வரும், நீர் பெருகும் என்று பலகையில் எழுதிப் போட்டுப் பாடம் நடத்தியவள் நான். பல இடத்தில் அது உண்மையாக இருக்கலாம். இந்த மலையின் உச்சியில் அது பொய்.

2018இல், பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி இந்த மலையில் பூத்த அதே ஆண்டில், பழனி மலையைப் பற்றியே ஓர் ஆய்வு வெளிவந்தது. அரசுமணி, வட்டக்கானலில் குடியிருந்து சோலைக் கன்று வளர்த்த ராபர்ட் ஸ்டூவர்ட், இயான் லாக்வுட், வி. வி. ராபின் முதலியோர் செயற்கைக்கோள் படங்களையும் நேரில் நடந்து பார்த்ததையும் சேர்த்து எழுதியது. நாற்பது ஆண்டில் இந்த மலை தன் புல்வெளியில் 66 விழுக்காட்டை இழந்திருந்தது. சோலைக் காட்டில் 31 விழுக்காடு. மூன்றில் இரண்டு பங்கு புல் போய்விட்டது, அதில் பெரும்பங்கு மரத்தோட்டமாகிவிட்டது. குறிஞ்சித் திணைக்குப் பெயர் கொடுத்த செடிக்கு ஒதுங்கி நிற்கக் கொஞ்சம் சரிவே மிச்சம்.

இந்த இடத்தில் எனக்குப் பேகன் நினைவு வருகிறது. பழனிக்குப் பழைய பெயர் பொதினி. அந்த மலைநாட்டை ஆண்ட ஆவியர் குலத்து வையாவிக் கோப்பெரும் பேகன் கடையெழு வள்ளல்களில் ஒருவன். மயில் குளிரில் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையை எடுத்து அதற்குக் கொடுத்தவன். கொடைமடம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். மயில் அதைப் போர்த்திக்கொள்ளாது என்று தெரிந்தும் கொடுத்த மனம் என்று புலவர்கள் அவனைப் போற்றினார்கள். அந்த மனத்தை நானும் வணங்குகிறேன்.

ஆனால் புறநானூற்றிலேயே அவன் கதையின் மறுபாதி இருக்கிறது. அவன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறிடத்தில் இருந்தான். அவள் வீட்டில் அழுதுகொண்டிருந்தாள். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நாலு புலவர்கள் அவனிடம் போய், எங்களுக்குப் பரிசு வேண்டாம், நீ தேரேறி அவளிடம் போ என்ற பொருள்பட வேண்டினார்கள். மயிலின் குளிர் பேகன் கண்ணுக்குப் பட்டது. வீட்டிலிருந்தவள் துயரம் படவில்லை. அதைச் சொல்ல வெளியிலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது.

அவன் நாட்டு மலையிலேயே இரண்டாயிரம் ஆண்டு கழித்து நாம் செய்தது இதைத்தான் என்று எனக்குப் படுகிறது. மலை மொட்டையாக நிற்கிறது, குளிரில் நடுங்குகிறது என்று இரக்கப்பட்டு ஒரு மரப்போர்வையைப் போர்த்தினோம். மலை அதைக் கேட்கவில்லை. போர்வைக்கு அடியில் யார் இருந்தார்கள் என்று நாம் பார்க்கவில்லை. பேகன் போர்வையாவது மயிலுக்குத் தீங்கு செய்யவில்லை. உதறிவிட்டுப் போயிருக்கும். மலையால் உதற முடியவில்லை.

இன்றைக்குக் காற்று திரும்பியிருக்கிறது. 2013இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அந்நிய மரங்களை அகற்ற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்தி வருகிறது. 2022இல் தமிழ்நாடு அரசு அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. இதற்காக உழைத்த எல்லாரையும் நான் கைகூப்பி வணங்குகிறேன். ஆனால் கூட்டங்களில் சிலர் பேசும்போது, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் வெட்டித் தள்ளிவிட வேண்டும் என்று கேட்கும்போது, எனக்குப் பழைய பயம் வருகிறது. அன்று 'வெறும் புல்' என்றோம். இன்று 'வெறும் வாட்டில்' என்கிறோம். பார்க்காமல் நட்டவர்கள் இப்போது பார்க்காமல் வெட்டப் போகிறோமா?

போன மார்கழியில் பூம்பாறைச் சாலையில் ஓர் அக்காவைப் பார்த்தேன். சும்மாட்டின் மேல் வாட்டில் விறகுக் கட்டு, அவர் உயரத்தைவிட நீளம். சாலையோரத் திட்டில் சுமையைச் சாய்த்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். உட்கார்ந்து பேசினோம். அடுப்பில் கேஸ் இருக்கிறது, சிலிண்டர் தீர்ந்தால் அடுத்தது வாங்கக் கூலி சேர வேண்டும், அதுவரை விறகுதான் என்றார். குளிர்காலத்தில் வெந்நீருக்கு எப்போதும் விறகுதான். மரத்தையெல்லாம் எடுக்கப் போகிறார்களாமே என்று என்னிடம் கேட்டார்.

"இந்த மரம் இங்க வந்ததே தப்புன்னு சொல்றாங்க அக்கா. நானே பிள்ளைங்கள வச்சு நட்டிருக்கேன்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "நீங்க நட்டது எங்க அடுப்புல எரியுது டீச்சர். எடுக்கிறதுன்னா எடுக்கட்டும். எடுத்துட்டு எங்கள சோலைக்குள்ள வெட்டப் போக வச்சுராதீங்க" என்றார்.

இதைவிடத் தெளிவாக யாரும் என்னிடம் சொன்னதில்லை. அன்று அந்த மரத்தால் லாபம் பார்த்த தோலும் துணியும் காகிதமும் கீழே போய்விட்டன. தவறைத் திருத்தும் செலவை இந்தச் சும்மாட்டின் மேல் ஏற்றுவது எந்த நியாயம்?

இன்னொரு செய்தியும் இருக்கிறது. கவனிப்பாரற்று விட்ட பழைய மரத்தோட்டங்களில், நிழலும் ஈரமும் உறைபனியிலிருந்து காப்பும் கிடைப்பதால், வாட்டிலுக்கு அடியில் சோலைக் கன்றுகள் தாமாகவே முளைத்து வருகின்றன. இதை வட்டக்கானல் நண்பர்கள் வருடக்கணக்கில் பார்த்துப் பதிவு செய்தார்கள். நானும் போய்ப் பார்த்தேன். நரைத்த வாட்டில் தண்டுகளுக்கு நடுவே இடுப்பளவு நாவல் இனக் கன்றுகள், காட்டுச் செண்பகம், பறவை எச்சத்தில் வந்து விழுந்தவை. அங்கே இயந்திரத்தை இறக்கினால் வாட்டிலோடு சோலைக் குழந்தைகளும் போகும். திறந்த மண்ணில் மறுபடி முளைக்கப் போவது வாட்டில் விதைதான். நம் தவறுக்கு அடியிலேயே ஓர் உயிர் பிழைத்துக்கொண்டிருக்கிறது. தவறை அவசரமாக அழிக்கப் போய் அதையும் அழித்துவிடக் கூடாது.

அதனால் என் மனத்தில் பட்டதைச் சொல்கிறேன். மிச்சமிருக்கிற புல்வெளிதான் முதல் கடமை. அங்கே புகுந்திருக்கிற இளங்கன்றுகளை விதை விடுவதற்குள் கையால் பிடுங்க வேண்டும். அந்த வேலையை அந்தந்த ஊர்க்காரர்களுக்கே நல்ல கூலிக்குக் கொடுக்க வேண்டும். சோலை முளைத்து வரும் பழைய தோட்டங்களை மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கலைக்க வேண்டும், அல்லது அப்படியே விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு ஊர் பக்கத்திலும் விறகுக்கென்று ஒரு தோப்பைப் பெண்கள் கையிலேயே விட வேண்டும். மரம் நட ஆசைப்படுகிறவர்கள், நடுவதற்கு முன் அந்த இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். இது சின்னக் காரியமாகத் தோன்றலாம். 1986இல் நான் அதைச் செய்திருந்தால் ஒரு சரிவு பிழைத்திருக்கும்.

இதெல்லாம் மலைக்காரர்கள் மட்டும் யோசிக்க வேண்டியது என்றும் நினைக்க வேண்டாம். 2024 மே மாதம் 7ஆம் தேதியிலிருந்து இங்கே வர இ-பாஸ் வேண்டும். அத்தனை கூட்டம். வருகிறவர்கள் பைன் காட்டில் நின்று படம் எடுத்து, இயற்கை அழகு என்று மகிழ்ந்து போகிறார்கள். அது வரிசை போட்டு நட்ட தோட்டம் என்று யாரும் சொல்வதில்லை. இதே மலையில் மன்னவனூரில் 1965 முதல் மத்திய செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆடு மேய வேண்டும் என்பதற்காகவே அங்கே மேய்ச்சல் நிலம் பெரிய அளவில் திறந்தவெளியாக நிலைத்தது. அந்த மேட்டில் ஏறி நின்றால் இந்த மலையின் முகம் ஒரு காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்று கொஞ்சமாவது மனத்தில் கட்டிப் பார்க்கலாம். ஊருக்குள் தெருவில் காட்டுமாடு நிற்பதைப் பார்த்துக் கைபேசியை எடுக்கிறவர்கள், அது மேய்ந்த இடம் எங்கே போனது என்று ஒரு நிமிடம் கேட்டால் போதும்.

அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது. ஜீப் ஓட்டுகிறான். இந்த வருடம் பிப்ரவரியில், நான் கேட்டுக்கொண்டதால், என்னைப் பழைய இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். சரிவை அடையாளம் காண முடியவில்லை. கீழேயிருந்து மேல்வரை வாட்டில். உள்ளே வெளிச்சமில்லை, குருவிச் சத்தமில்லை, தரையெங்கும் சருகு. அன்று பிள்ளைகள் கை கழுவிய ஓடையைத் தேடினோம். கல் இருந்தது, தண்ணீர் இல்லை. திரும்பும் வழியில், பாறை ஒன்று மரத்தை அண்ட விடாமல் வைத்திருந்த இடத்தில், பாயளவு புல் மிச்சமிருந்தது. இருவரும் உட்கார்ந்துவிட்டோம். புல்லுக்குள் ஒரு விரல்நீள வாட்டில் கன்று நின்றது. அவன் அதை வேரோடு பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தான்.

"தம்பி, நீ அன்னைக்குக் கேட்டது சரிதான். நான்தான் பதில் சொல்லல" என்றேன்.

"நீங்க திட்டாம விட்டீங்களே டீச்சர், அதுவே பெருசு" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அங்க என்னென்ன இருந்துச்சுன்னு எழுதி வைங்க. என் மகளுக்குத் தெரியாது. இப்ப இது காடுன்னு நினைச்சுக்கிட்டிருக்கா" என்றான்.

அன்று இரவே எழுதினேன். பாதிரியார் கே. எம். மேத்யு இந்த மலையின் செடிகொடிகளைப் பற்றி எழுதிய நூல்களை வைத்துக்கொண்டு பல வருடமாக நான் கற்றுக்கொண்டது, அந்தப் பாயளவு இடத்தில் அன்று பார்த்தது, 1986இல் பார்த்தும் பார்க்காமல் விட்டது, எல்லாவற்றையும் நினைவிலிருந்து சேர்த்து எழுதினேன். தூர் கட்டும் புல், குட்டை, நெட்டை, செந்நுனி உள்ளது என்று மூன்று வகை. குறிஞ்சிப் புதர், பூக்காத பருவத்தில். சதுப்பில் கொசு பிடிக்கும் செடி. வெள்ளைப் பூ விடும் தரை ஆர்க்கிட். சரிவின் ஓரத்தில் தனியாக நின்ற ஒரு காட்டுப் பூவரசு, முறுக்கிய தண்டோடு. நெட்டைக்காலி, ஒரு ஜோடி. கறுப்பு மண். பிடுங்கிய தூரிலிருந்து ஒரு பையன் கையில் சொட்டிய தண்ணீர்.